செவ்வாய்க்கிழமைக் கணக்கு: தீவில் வேலையும் வீடும்

(ஸ்ரீ விஜயபுரத்தில் கல்லூரி மாணவ மாணவியரிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"வேலையும் குடும்பமும்" என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் வழக்கமாக இரண்டு பேச்சுகள் உண்டு. நேரத்தைத் திட்டமிட்டால் எல்லாம் முடியும் என்று தைரியம் சொல்வது ஒன்று. அந்தக் காலத்தில் பத்துப் பிள்ளை பெற்றவர்கள் வயல் வேலையும் பார்க்கவில்லையா என்று கேட்டு வாயை அடைப்பது இன்னொன்று. இரண்டையும் நீங்கள் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். நான் இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்தது கப்பல், டிரான்ஸ்ஃபர் ஆர்டர், லீவு விதி, பிள்ளை வளர்ப்பு. அவற்றை வைத்தே பேசுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைகள் கல்லூரிக்குள் காலடி வைக்கும்போதே குடும்பக் கணக்கையும் சேர்த்துப் போட்டுத்தான் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆண் பிள்ளைகள் அந்தக் கணக்கைக் கையில் எடுப்பதே குழந்தை பிறந்த பிறகுதான். ஒருவர் மட்டும் பத்து வருஷம் முன்னதாகக் கணக்குப் போட்டால், விட்டுக்கொடுப்பவரும் அவராகத்தான் இருப்பார். எத்தனை மேடையில் சமநிலை பற்றிப் பேசினாலும் இது மாறாதவரை ஒன்றும் மாறாது.

இப்படிச் சொல்ல எனக்கு என்ன ஆதாரம் என்று கேட்பீர்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஒரு பயிற்சி கொடுப்பது வழக்கம். பத்து ஆண்டு கழித்து வரும் ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள் என்பேன். பண்டிகை இல்லை, லீவு இல்லை, வீட்டுக்கு விருந்தாளி இல்லை. நம் ஊரில்தான் ஐந்து மணிக்கே விடிந்துவிடுகிறதே, அங்கிருந்து தொடங்கி இரவு படுக்கும்வரை என்ன செய்வீர்கள் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.

பையன்களின் தாளில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "எழுந்தேன். குளித்தேன். சாப்பிட்டேன். பைக்கில் ஆபீஸ் போனேன். சாயங்காலம் நேதாஜி ஸ்டேடியம் பக்கம் நண்பர்களைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன்." சாப்பாடு இரண்டு இடத்தில் வருகிறது, சமைத்தவர் ஓரிடத்திலும் வருவதில்லை. பெண் பிள்ளைகளின் தாள் வேறு மாதிரி: "நாலரைக்கு எழுந்து குழம்பு வைத்து, பையனுக்கு டிபன் கட்டி, மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்து, ஒன்பது மணிக்கு ஆபீஸில் இருப்பேன்." பதினேழு வயதுப் பெண் அவள். இன்னும் அமையாத கல்யாணத்தில், இன்னும் வராத மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் தன் வேலைக்குப் போகிறாள்!

சில பெண்களின் தாளில் வீடே இருக்காது. காலை முதல் இரவுவரை வேலை, படிப்பு, பயணம். கேட்டால், "கல்யாணம் பண்ணினா இதெல்லாம் நடக்காது மிஸ்" என்பார்கள். அதுவும் கணக்குப் போட்டு வந்த விடைதான். இரண்டும் சேர்ந்து அமையாது என்று அந்த வயதிலேயே முடிவுகட்டி ஒன்றைக் கழித்திருக்கிறார்கள். எந்தப் பையனும் தன் வேலைக்காகக் குடும்பத்தைக் கழித்து எழுதி நான் பார்த்ததில்லை. அவனுக்கு அப்படி ஒரு கேள்வியே எழுவதில்லை.

இதை ஓர் ஆசிரியையின் அனுபவம் என்று நீங்கள் ஒதுக்கலாம். மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024ஆம் ஆண்டு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை ஒதுக்க முடியாது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். வீட்டு வேலை செய்யும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் அந்தச் சராசரியில் சேரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஐந்தாண்டுக்கு முன்பு, 2019இல், இதே எண்கள் 299, 97. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது!

ஆகவே அந்தப் பெண் போட்ட கணக்கு பயத்தில் பிறந்ததும் அல்ல, கற்பனையும் அல்ல. அம்மாவையும் அக்காவையும் பார்த்துப் போட்ட கணக்கு. அவளிடம் போய் "தன்னம்பிக்கை வேண்டும்" என்று சொல்வதில் பொருளில்லை. உண்மையைச் சரியாகவே படித்திருக்கிறாள்.

இனி நம் தீவுக்கு வருகிறேன். குடும்பமும் வேலையும் ஒன்றையொன்று இழுப்பது உலகம் முழுக்க உள்ளதுதான். ஆனால் இங்கே அது கண்ணுக்கு நேராகத் தெரியும். காரணம் கடல்.

இந்தத் தீவுகளின் குடியேற்ற வரலாற்றில் குடும்பம் எப்போதும் நிலத்தையோ வேலையையோ ஒட்டித்தான் வந்திருக்கிறது. 1858இல் தொடங்கிய தண்டனைக் குடியிருப்பில், நன்னடத்தை காட்டிய கைதிக்குத்தான் நிலமும், அதிகாரியின் அனுமதியோடு கல்யாணமும் கிடைத்தன. 1949 முதல் கிழக்கு வங்கத்து அகதிகளைக் கொண்டுவந்தபோது குடும்பம் குடும்பமாகக் கணக்கிட்டு நிலம் கொடுத்தார்கள். 1969 முதல் முன்னாள் படைவீரர்களைக் கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பே பகுதியில் குடியமர்த்தினார்கள். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதி கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தது. இவை அரசாங்கம் கொண்டுவந்தவை. தானாக வந்தவர்கள் கதை உங்கள் வீட்டிலேயே இருக்கும். தாத்தா தனியாகக் கப்பலேறி வந்தார், துறைமுகத்திலோ பொதுப்பணித் துறையிலோ கடையிலோ வேலை பார்த்தார், இரண்டொரு வருஷம் கழித்துப் பாட்டியை அழைத்துக்கொண்டார். 2011 கணக்கெடுப்பில் இங்கே ஆயிரம் ஆண்களுக்கு 876 பெண்கள்தான். வேலைக்கென்று தனியாக வந்து நிற்கும் ஆண்களின் எண்ணிக்கையும் அதற்குள் இருக்கிறது.

அப்படி வந்த பாட்டிக்கு இங்கே தாய்வீடு கிடையாது. மாமியாரும் நாத்தனாரும் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ இருந்தார்கள். பிள்ளையை யார் பார்த்துக்கொண்டது? பக்கத்து வீட்டுப் பெங்காலி தீதியும் எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாவும்தான். தமிழ் வீட்டுக் குழந்தை பள்ளிக்கூடம் போகுமுன்னே இந்தி பேசியது அந்தத் திண்ணைகளில்தான். அந்த ஏற்பாட்டை யாரும் திட்டமாக எழுதவில்லை; சம்பளமும் கிடையாது. ஆனால் அது இல்லாமல் இந்தத் தீவில் எந்தக் குடும்பமும் நின்றிருக்காது. இன்று அந்த வீட்டுப் பெண்களும் வேலைக்குப் போகிறார்கள். போகத்தான் வேண்டும். அப்படியானால் அவர்கள் செய்துவந்த வேலையை யார் செய்வது? இந்தக் கேள்வியை இன்னும் ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

படிப்பும் அப்படித்தான் வந்தது. 1967இல் ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா தொடங்கும்வரை பட்டம் வாங்க மெயின்லேண்டுக்குத்தான் போக வேண்டும். பிறகு 1984இல் இன்றைய அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனத்தின் தொடக்கமான பாலிடெக்னிக், 1990இல் மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி, 2015இல் மருத்துவக் கல்லூரி. "பெண்ணைக் கடல் தாண்டி அனுப்ப மாட்டேன்" என்ற தகப்பனின் வாதம் ஒவ்வொரு கல்லூரி திறந்தபோதும் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்தது. படிப்பு வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வேலை அப்படி வரவில்லை.

நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. கவர்ன்மென்ட் வேலை, அதிலும் டீச்சர் வேலை, பெண்ணுக்குப் பாதுகாப்பானது, குடும்பத்தையும் பார்த்துக்கொள்ளலாம். அதற்காகவே பி.எட். படிக்க வைக்கிறோம். நானும் அந்த வழியில் வந்தவள்தான். ஆனால் நியமன உத்தரவில் ஊர் பெயர் எழுதுவது நாம் இல்லை. டிக்லிப்பூர் என்று வரலாம், ஹட் பே என்று வரலாம், கமோர்ட்டா என்று வரலாம். கேம்பல் பே என்றால் இங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கப்பலில் ஒரு நாளுக்கும் மேலாகும். வானிலை கெட்டால் கப்பல் கிளம்பும் நாளே மாறும். மெயின்லேண்டில் மதுரைக்காரருக்குத் திருச்சியில் போஸ்டிங் கிடைத்தால் சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். இங்கே சனிக்கிழமை பஸ் இல்லை.

இந்த இடத்தில் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். நம் தீவில் பிறந்து தில்லிவரை போய், இந்தியா முழுவதும் அரசு வேலை பார்க்கும் பெண்களுக்குப் பயன்பட்ட வழக்கு அது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. பாடத்தில் இருந்திருக்க வேண்டியது.

அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்தில் வேலை பார்த்த ஒரு பெண். மகன் பத்தாம் வகுப்பு. 2011 மே மாதம் 16ஆம் தேதி, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு ஆறு மாதம் வேண்டும், ஜூலை 5 முதல், என்று விண்ணப்பிக்கிறார். மகனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, வீட்டுப் பெரியவர்களும் நோயில் இருக்கிறார்கள் என்று காரணமும் எழுதுகிறார். விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது. எங்கே? கேம்பல் பேக்கு. ஜூலை 6ஆம் தேதி அங்கே போய் வேலையில் சேர்ந்தார். எந்த நாளிலிருந்து மகனோடு வீட்டில் இருக்க லீவு கேட்டாரோ, அதற்கு மறுநாள் அவர் கிரேட் நிக்கோபாரில் இருந்தார்.

அவர் விடவில்லை. 2012 பிப்ரவரியில் மறுபடியும் விண்ணப்பித்தார். இந்த முறை, மே 21 முதல் இரண்டு ஆண்டு. விதியில் உள்ள முழு அளவு அதுதான்: பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள பெண் ஊழியருக்குப் பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள். நிர்வாகம் கொடுத்தது 45 நாள். அவர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அங்கே அவர் பக்கம் உத்தரவு வந்தது. நிர்வாகம், அன்று போர்ட் பிளேர் எனப்பட்ட நம் ஊரிலுள்ள கல்கத்தா உயர்நீதிமன்ற சர்க்யூட் பெஞ்சுக்குப் போனது. லீவு என்பது உரிமையாகக் கேட்கக்கூடியது அல்ல, ஒரே மூச்சாகவும் கொடுக்க முடியாது என்று அங்கே தீர்ப்பானது. கடைசியில் உச்ச நீதிமன்றம். 2014 ஏப்ரல் 15ஆம் தேதி நீதிபதிகள் முகோபாத்யாயாவும் கோபால கௌடாவும் உயர்நீதிமன்றத் தீர்ப்பை நீக்கி, 730 நாளைத் தொடர்ச்சியாகவும் எடுக்க விதியில் இடமுண்டு என்றார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் வெற்றிக் கதையாக மட்டும் சொல்லவில்லை. தேதிகளைப் பாருங்கள். மகன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது கேட்ட விடுப்பு. முடிவான தீர்ப்பு வந்தபோது ஏறக்குறைய மூன்று ஆண்டு கழிந்திருந்தது. எந்தப் பரீட்சைக்காகக் கேட்டாரோ அது எப்போதோ முடிந்துபோனது. சட்டம் நகரும் வேகத்துக்குப் பிள்ளைகள் காத்திருந்து வளர்வதில்லை. ஆனாலும் அவர் போராடியதன் பலன் அவருக்குப் பின்னால் வந்த எத்தனையோ பெண்களுக்குக் கிடைத்தது. உங்களில் யாராவது நாளை இந்த லீவுக்கு மனுப் போடும்போது மேலதிகாரி மறுப்பதற்கு யோசிப்பார் என்றால், நம் தீவுப் பெண் ஒருவர் தில்லிவரை போனதும் அதற்கு ஒரு காரணம்.

இதே விதியை இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். பிள்ளையின் பரீட்சைக்கும் காய்ச்சலுக்கும் விடுப்பு எடுக்க அம்மாவுக்கு 730 நாள். அப்பாவுக்கு? குழந்தை பிறக்கும்போது 15 நாள் தந்தைமை விடுப்பு, அத்தோடு சரி. மனைவியை இழந்தோ பிரிந்தோ தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியருக்கும் பராமரிப்பு விடுப்பு உண்டு என்று 2018 டிசம்பரில்தான் திருத்தம் வந்தது. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம் என்றும் அப்போதுதான் மாற்றினார்கள். அதாவது, பக்கத்தில் அம்மா இருக்கும்வரை அப்பா பிள்ளையைப் பார்க்கத் தேவையில்லை என்று விதியே நினைக்கிறது. விதியை எழுதியவர்களும் ஒரு காலத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாளை எழுதிய பையன்கள்தானே!

அரசு வேலையில் இல்லாதவர்களின் பாடு இன்னும் சிரமம். 2017இல் செய்த சட்டத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் ஸ்வராஜ் த்வீப்பிலும் ஷஹீத் த்வீப்பிலும் உள்ள ரிசார்ட்டுகளையும் டைவிங் கடைகளையும், அபர்தீன் பஜார் ஜவுளிக் கடைகளையும் எண்ணிப் பாருங்கள். ஐம்பது பேர் வேலை பார்க்கும் இடம் எத்தனை தேறும்? சுற்றுலாத் துறையில் வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சீசன் என்பதே டிசம்பர், ஜனவரி. பள்ளிப் பிள்ளைக்குப் பரீட்சைப் படிப்பு நெருங்கும் காலமும் அதுதான்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கிளாடியா கோல்டின் இந்தச் சிக்கலைத்தான் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். 2023இல் நோபல் பரிசு பெற்றார். அவர் சொல்வதை நம் மொழியில் சுருக்கினால் இதுதான்: சில வேலைகள் பேராசைக்கார வேலைகள். எந்நேரம் கூப்பிட்டாலும் ஓடிவருகிறவருக்கு அள்ளிக் கொடுக்கும். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்பவருக்குக் கிள்ளிக் கொடுக்கும். குழந்தை பிறந்த வீட்டில் ஒருவராவது கூப்பிட்ட நேரத்தில் வீட்டுக்கு வரக்கூடியவராக இருந்தாக வேண்டும். இருவரும் அப்படி இருந்தால் சம்பளம் போகிறது. அதனால் ஒருவர் பேராசைக்கார வேலைக்கும் மற்றவர் வீட்டுக்கும் என்று பிரித்துக்கொள்கிறார்கள். யார் எதற்கு என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கோல்டின் காட்டும் ஓர் உதாரணம் நமக்கு உதவும். அமெரிக்காவில் மருந்தாளர் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள சம்பள இடைவெளி மிகவும் சுருங்கிவிட்டது. ஏன்? மருந்தும் பதிவேடும் முறைப்படுத்தப்பட்டுக் கணினிக்குள் வந்துவிட்டதால், ஒரு மருந்தாளர் கிளம்பினால் அடுத்தவர் அந்த இடத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடரலாம். ஆளுக்கு ஆள் மாற்று இருந்தால், வீட்டுக்குப் போகிறவரைத் தண்டிக்க வேண்டிய அவசியமே வராது. நம் ஆபீஸ்களை நினைத்துப் பாருங்கள். "அந்த ஃபைல் மேடம் லீவு, திங்கட்கிழமை வாங்க" என்கிறோமே, அங்கேதான் கோளாறு. மேடம் லீவு எடுத்தது கோளாறு இல்லை. அந்த ஃபைல் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருப்பதுதான் கோளாறு. நாளை நீங்கள் அதிகாரியாகும்போது வேலையை இரண்டு பேருக்காவது தெரியும்படி வையுங்கள். காப்பகம் கட்டுவதைப் போலவே அதுவும் குடும்பத்துக்குச் செய்யும் உதவிதான்.

இதுவரை பெண்களின் கணக்கைத்தான் பேசினேன். பின்வரிசைத் தம்பிகள் இதில் நமக்கென்ன என்று நினைக்கலாம். உங்கள் இழப்பையும் சொல்கிறேன். இந்தத் தீவில் தூரத்து போஸ்டிங் அதிகம் பார்ப்பவர்கள் ஆண்கள்தான். கப்பல் சிப்பந்தி, போலீஸ், வனத்துறை, பொதுப்பணித் துறை ஜூனியர் இன்ஜினியர். அப்பா கமோர்ட்டாவில், பிள்ளைகள் படிப்புக்காக அம்மாவோடு இங்கே. போனில் வளரும் பிள்ளைகளை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். மார்க் ஷீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும் என்றால், "அப்பா அடுத்த கப்பல்ல வருவார் மிஸ்" என்பார்கள். அந்த அப்பா ஊருக்கு வந்தால் பிள்ளைகள் முதல் இரண்டு நாள் வெட்கப்படும். பழகுவதற்குள் அவருக்கு லீவு முடிந்துவிடும். அவர் மோசமான அப்பா இல்லை. குடும்பத்துக்காகத்தான் போனார். ஆனால் வேலையைத் தேர்ந்தெடுத்த வயதில் இதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார் என்று அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை. பெண்ணிடம் மட்டும் "அந்த வேலைக்குப் போனா குழந்தையை யார் பாக்கறது?" என்று கேட்கிறோம். அதே கேள்வியைப் பையனிடமும் கேட்டிருந்தால் அவன் வேறு முடிவு எடுத்திருப்பானோ என்னவோ. குறைந்தது, கண்ணைத் திறந்துகொண்டு எடுத்திருப்பான்.

அரசு இதை ஓரளவு உணர்ந்தே இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் மத்திய அரசுப் பணியில் இருந்தால் கூடுமானவரை ஒரே ஊரில் பணி தர வேண்டும் என்ற வழிகாட்டுதல் 1986இலேயே உண்டு. 2009 செப்டம்பர் 30ஆம் தேதி உத்தரவில், பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதாகும்வரை இதில் கவனம் வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். இப்படி ஓர் உத்தரவு இருப்பது தெரியாமலே தனித்தனித் தீவில் குடும்பம் நடத்தியவர்களை நான் அறிவேன். வேலைக்குச் சேரும்போது சம்பள விகிதத்தை மனப்பாடம் செய்கிறோம்; விடுப்பு விதியையும் பணியிட விதியையும் யாரும் படிப்பதில்லை.

நம் தமிழ் உலகில் இந்தக் கணக்கை முன்கூட்டியே, அதுவும் தைரியமாகப் போட்டவர்கள் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்கச் சம்மதித்தபோது நிபந்தனை போட்டார்: தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அவரும் ஒப்புக்கொண்டார். பின்னாளில் அந்த அம்மையார் சட்டமன்றம் போனதும், தேவதாசி முறைக்கு எதிராக நின்றதும், அவ்வை இல்லம் கண்டதும், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதும் எல்லோருக்கும் தெரியும். அவையெல்லாம் அந்த நிபந்தனைக்குப் பிறகு நடந்தவை. கல்யாணத்துக்கு முன் பேசுவது நம் பண்பாடு இல்லை என்று சொல்பவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளட்டும்: 1914.

இன்னொருவர் ஏ. லலிதா. கைக்குழந்தையோடு இளம் வயதில் விதவையானவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் முடித்து, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்தடப் பணியிலும் அவர் பங்கு உண்டு. அவர் வேலை பார்த்த ஊர்களைக் கவனியுங்கள்: முதலில் சிம்லா, பிறகு கல்கத்தா. இரண்டு ஊரிலும் சகோதரர் குடும்பம் இருந்தது. மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் ஊரில்தான் அவரால் வேலை பார்க்க முடிந்தது. திறமைக்குப் பின்னால் இன்னொரு வீட்டின் அடுக்களையும் அன்பும் இருந்தன. லலிதாவுக்கு உறவு கிடைத்தது. உறவு கிடைக்காதவருக்குக் காப்பகம் வேண்டும். அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களுக்கு மத்திய அரசின் 'பால்னா' திட்டம் இருக்கிறது. அது நம் தீவுகளில் எங்கெங்கே, எத்தனை மணிவரை நடக்கிறது என்று கேட்பது உங்கள் தலைமுறையின் பொறுப்பு. கல்லூரி மாணவருக்குக் காப்பகத்தில் என்ன அக்கறை என்று யாராவது கேட்டால், எட்டு வருஷம் கழித்துத் தேவைப்படுவதை இன்று கேட்கிறேன் என்று சொல்லுங்கள்.

இப்போது உங்களில் பலர் மனத்தில் ஓடும் கேள்வி: இங்கேயே இருப்பதா, மெயின்லேண்ட் போவதா? இதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை என்னிடம் கிடையாது. சென்னைக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்; கப்பலில் மூன்று நாள் பிடிக்கும். பெற்றோரை இங்கே விட்டுவிட்டு அங்கே வேலை பார்ப்பவர்கள் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் வாழ்கிறார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால் அன்றைய டிக்கெட் விலையும் குடும்பப் பிரச்சினைதான். இணையம் வந்துவிட்டதே, இங்கிருந்தே வெளியூர் வேலை பார்க்கலாமே என்பீர்கள். உண்மைதான். 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னையிலிருந்து கடலுக்கடியில் வந்த ஆப்டிகல் ஃபைபர் கேபிள், ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளம், கேம்பல் பேயையும் தொட்டிருக்கிறது. என் காலத்தில் இல்லாத வாய்ப்பு அது. ஆனால் ஓர் எச்சரிக்கை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஆண், கதவைச் சாத்திக்கொண்டால் ஆபீஸில் இருக்கிறார் என்று வீடு நினைக்கிறது. அதே கதவைப் பெண் சாத்தினால், "வீட்லதானே இருக்க, அந்தக் குக்கரைக் கொஞ்சம் பாரு" என்கிறது. கேபிள் வேலையைத்தான் கொண்டுவரும். வீட்டு வேலையைப் பங்கு போட அதற்குத் தெரியாது.

பெற்றோர்களுக்கு ஒன்று. மாப்பிள்ளை பார்க்கும்போது ஊர், வேலை, சம்பளம், ஜாதகம் எல்லாம் கேட்கிறீர்கள். எங்கள் பெண்ணுக்கு வேறு தீவில் போஸ்டிங் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதுண்டா? மாப்பிள்ளை வீட்டுக்காரர்களே, வேலைக்குப் போகும் மருமகள் வேண்டும் என்கிறீர்கள். அவள் மாலை ஆறு மணிக்கு வரும்போது அடுப்பில் என்ன இருக்கும் என்று பேசியதுண்டா? சமையல் கற்றுக்கொடுக்காமல் பையனை வேலைக்கு அனுப்புவது, நீச்சல் தெரியாமல் கடலுக்கு அனுப்புவது போலத்தான். சமையல் மட்டுமா? அவனுக்குப் பாட்டியின் மாத்திரை எந்த வேளைக்கு எது என்றும் தெரிய வேண்டும்.

மாணவர்களே, கடைசியாக உங்களுக்குச் சொல்வது அறிவுரை இல்லை, வேலை. இன்றிரவு அந்தச் செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள். தம்பிகள் எழுதும்போது "சாப்பிட்டேன்" என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் சமைத்தவர் யார் என்றும் எழுத வேண்டும். தங்கைகள் எழுதும்போது மாமியாருக்கு மாத்திரை கொடுக்கும் இடத்தில் அது ஏன் நீங்களாக மட்டும் இருக்க வேண்டும் என்று ஒரு கேள்விக்குறி போட வேண்டும். எழுதியதை ஒருவருக்கொருவர் மாற்றிப் படியுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்குமுன் அந்தப் பதவியின் பணியிட விதியையும் விடுப்பு விதியையும் முழுதாகப் படியுங்கள். கல்யாணம் பேசும் நாளில், முத்துலட்சுமி அம்மையாரைப் போல, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள், ஆண்களும்தான். அதிகாரியானால் உங்கள் மேசைக்கு வரும் லீவு மனுவுக்குப் பிள்ளையின் பரீட்சை முடிவதற்குள் பதில் எழுதுங்கள். கணக்கை இருவரும் சேர்ந்து போட்டால் யாரும் எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையிருக்காது என்று நான் சொல்லவில்லை. விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் இந்த முறை நீ, அடுத்த முறை நான் என்று முறை வைத்துக்கொள்ளலாம்.